கரியின் வயது

(ஈப்போவில் பெற்றோர்களும் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று கரிவளியைப் பற்றிப் பேசப் போகிறேன். கரியமில வாயு என்றும் இதைச் சொல்வார்கள். பருவநிலை மாற்றம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதன் பெயர் அடிபடுகிறது. ஆனால் பனிமலை உருகுவதையும் துருவக் கரடியையும் காட்டித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். அதனால் இது எங்கோ தூரத்தில் நடக்கும் விவகாரம் என்ற எண்ணம் நம் மக்களுக்கு வந்துவிட்டது. உண்மையில் இந்த வாயுவின் முழு வரலாற்றையும் பேராக் மாநிலத்தை விட்டு வெளியே போகாமலே படித்துவிடலாம். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளில் அது இருக்கிறது. நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய மரங்களில் இருக்கிறது. மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் இருக்கிறது. தெலுக் இந்தான் பக்கத்துக் கரிச்சேற்று நிலத்தில் இருக்கிறது. மஞ்சோங்கில் எரியும் நிலக்கரியில் இருக்கிறது. ஐந்து இடத்திலும் இருப்பது ஒரே கரிமம். அதன் வயது மட்டும்தான் வேறு. இந்த வயது வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால், எதை அஞ்ச வேண்டும், எதைக் காக்க வேண்டும், எந்த வாக்குறுதியை நம்பக் கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும். நான் இன்று சொல்ல வந்த செய்தி அதுதான்.

டம்ளரில் ஒரு மலை

இந்த மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கிறது. அதில் இருப்பது சுண்ணாம்புத் தண்ணீர். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, இரவெல்லாம் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து வந்தேன். பார்ப்பதற்குக் குடிநீர் போலவே இருக்கும். குடித்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். தம்பி, மேடைக்கு வா. இந்தக் குழாயை வைத்து மெதுவாக ஊது. உறிஞ்சாதே, ஊத மட்டும் செய்.

(மாணவர் ஊதுகிறார். நீர் வெள்ளையாகக் கலங்குகிறது.)

பார்த்தீர்களா? பால் போல ஆகிவிட்டது. தம்பியின் மூச்சில் வந்த கரிவளி, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடியாகிவிட்டது. இந்த மண்டபத்துக்கு வெளியே நிற்கும் மலைகளும் அதே பொருள்தான். கல்லுமலை முருகன் கோயில் கொண்டிருக்கும் குனோங் செரோ, குனோங் ராப்பாட், குனோங் லாங், கோப்பெங் பக்கத்துக் குவா தெம்புரோங் குகை, எல்லாமே இந்தப் பொடி இறுகிக் கல்லானவை. இந்த மலைகள் நிற்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வெப்பக் கடலாக இருந்தது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கும் 25 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், சிப்பிகளும் பவளங்களும் மற்றக் கடலுயிர்களும் நீரில் கரைந்திருந்த கரிவளியை எடுத்துத் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொண்டன. அவை மடிந்து, படிந்து, அழுந்திப் பாறையாயின. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோ எடுத்தால், அதில் 44 கிலோ கரிவளி பூட்டப்பட்டிருக்கிறது. மலை என்று நாம் பார்ப்பதில் பாதிக்குச் சற்றுக் குறைவு பழங்காலத்துக் காற்று.

தம்பி, இன்னும் கொஞ்சம் விடாமல் ஊது. நீரில் சுண்ணாம்பைக் குறைவாகத்தான் கரைத்திருக்கிறேன்.

(நீர் மீண்டும் தெளியத் தொடங்குகிறது.)

வெள்ளை கரைகிறது. கரிவளி மிகுதியானதும் நீர் புளிப்பேறி, தான் உண்டாக்கிய கல்லைத் தானே கரைக்கிறது. நம் குகைகள் உண்டானது இப்படித்தான். மழைநீர் மண்ணின் வழியே இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரிவளியைச் சேர்த்துக்கொண்டு, பாறையின் வெடிப்புகளில் புகுந்து அதைக் கரைக்கிறது. அந்த நீர் குகையின் கூரையில் சொட்டாக நிற்கும்போது கரிவளி காற்றில் பிரிந்துவிடுகிறது. கரைந்திருந்த கல் மீண்டும் வெள்ளைப் படிவாகிறது. சொட்டுச் சொட்டாக அது நீண்டு தொங்கு கல்லாகிறது. குவா தெம்புரோங்கில் ஓர் ஆள் உயரத் தொங்கு கல்லைக் காணும்போது, அது மனித வரலாற்றைவிட நீண்ட பொறுமை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இயற்கை கரிவளியைக் கல்லாக்கும் வேகமும் கல்லிலிருந்து விடுவிக்கும் வேகமும் அவ்வளவுதான்.

காற்றிலிருந்து இறங்கிய பால்

மலையை விட்டுத் தோட்டத்துக்கு வருவோம். பேராக்கில் வாழும் நம்மில் பலர் தோட்டத்து மண்ணிலிருந்து வந்தவர்கள். சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர், தாப்பா, பாகான் செராய் என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இந்த அரங்கில் ஒரு குடும்பம் நிமிர்ந்து உட்காரும்.

1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தம் இல்லத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அந்த வகை மரம்தான் பின்பு காட்டை அழித்த நிலமெங்கும் நிரை நிரையாக நின்றது. அதற்காகத்தான் நம் முன்னோரில் பலர் கப்பலேறி வந்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து, உளியால் பட்டையை மெலிதாகச் சீவி, மங்கில் பால் சொட்ட வைத்தார்கள். இருட்டிலேயே வெட்டக் காரணம் உண்டு. இரவில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழக்க, அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும்.

அந்தப் பால் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மண் கொடுப்பது நீரும் உப்புகளும் மட்டுமே. காய்ந்த ரப்பரின் எடையில் 88 விழுக்காடு கரிமம். அந்தக் கரிமம் முழுவதும் இலை வழியாகக் காற்றிலிருந்து வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ காய்ந்த ரப்பருக்காக அந்த மரம் காற்றிலிருந்து 3.2 கிலோ கரிவளியை எடுத்திருக்கிறது. காண்டா வாளியில் பால் சுமந்து ஸ்டோருக்கு நடந்த ஒவ்வொரு பெண்ணும், வானத்திலிருந்து இறக்கிய கரிமத்தைத் தோளில் சுமந்தாள். அவளுடைய உழைப்பைப் பற்றி வேறு யாரும் இப்படிச் சொல்லவில்லை என்றால், இன்று நாம் சொல்வோம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வையுங்கள். கோலகங்சாரில் அந்தக் கன்று ஊன்றப்பட்டபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் கரிவளி ஏறத்தாழ 290 இருந்தது. இன்று அந்த எண் 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. உலகம் சூடேறிய கதை முழுவதும் அந்த ஒரே மரத்தின் ஆயுளுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது.

இத்தனை சிறிய அளவு எப்படிச் சூடேற்றும்?

பத்து லட்சத்தில் 420 என்றால் ஆயிரத்தில் அரைப்பங்குகூட இல்லை. இவ்வளவு குறைவான ஒன்று உலகையே சூடாக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விடை சொல்கிறேன்.

சூரிய ஒளி காற்றை ஊடுருவி வந்து தரையைச் சுடுகிறது. சூடான தரை அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் 99 விழுக்காடு நைட்ரஜனும் உயிர்வளியும்தான். அவை இரண்டும் இந்த வெப்பக் கதிரைத் தடுப்பதே இல்லை. அவற்றின் அளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. கரிவளி மூலக்கூறு அப்படியல்ல. நடுவில் ஒரு கரிம அணு, இருபுறமும் உயிர்வளி அணுக்கள். அது வளைந்து அதிரும்போது தரை அனுப்பும் வெப்பக் கதிரைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை எல்லாத் திசையிலும் விடுகிறது. அதில் ஒரு பங்கு கீழே நம்மிடமே திரும்புகிறது.

நீராவியும் இதே வேலையைச் செய்கிறது. ஈப்போவில் மேகம் மூடிப் புழுங்கும் இரவில் விடியும்வரை குளிர்வதில்லை, வானம் வெளுத்த இரவில் விடியற்காலை சிலுசிலுக்கிறது. அதை நாம் எல்லோரும் உடம்பால் அறிவோம். ஆனால் நீராவி பத்து நாளுக்குள் மழையாகி இறங்கிவிடும். கரிவளி இறங்காது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கும் நீராவி 7 விழுக்காடு கூடும். அந்த நீராவி மேலும் சூட்டைப் பிடிக்கும். ஆகவே முதலில் கதவைத் திறந்துவிடுவது கரிவளி. பின்னால் நுழைந்து சூட்டைப் பெருக்குவது நீராவி.

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அன்று. அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856இல் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கரிவளி நிரம்பிய குழாய் கூடுதலாகச் சூடேறுவதை எழுதினார். 1859இல் லண்டனில் ஜான் டிண்டல் எந்த வாயு வெப்பக் கதிரைப் பிடிக்கிறது என்று கருவி வைத்து அளந்தார். 1896இல் சுவீடனின் அர்ஹீனியஸ், கரிவளி இரட்டித்தால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று கையாலேயே கணக்கிட்டார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அன்றாடம் அளக்கத் தொடங்கியபோது எண் 315. நம் நாட்டிலும் சபாவின் டானும் பள்ளத்தாக்கில் காட்டு நடுவே ஓர் உலகத்தர அளவை நிலையம் இயங்குகிறது. மரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தாலும் இலை உதிர்ந்தாலும் தோட்டத்தில் எழுதி வைக்கும் நம் பழக்கத்தைப் போல, உலகம் தன் காற்றைத் தினமும் எழுதி வைத்திருக்கிறது.

கூட்டுப் பணமும் புதையலும்

இனி நான் முதலில் சொன்ன வயதுக்கு வருகிறேன். இதுதான் இன்றைய பேச்சின் நடுக்கம்பம்.

கோல செபெத்தாங்குக்குப் போயிருக்கிறீர்களா? மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் வாசல் அது. ஏறத்தாழ 40,000 ஹெக்டர் காடு, 1900களின் தொடக்கத்திலிருந்து காப்புக்காடாக நிர்வகிக்கப்படுகிறது. 30 ஆண்டுக்கு ஒருமுறை பக்காவ் மரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் மறுபடி வளரவிடுகிறார்கள். வெட்டிய மரத்தைச் செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய உருண்டை உலைக்குள் நிமிர்த்தி அடுக்கி, வாசலில் சிறு தீ மூட்டி, நாள் கணக்கில் வேகவைக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இல்லை. புகையின் நிறத்தையும் வாசனையையும் கொண்டே அனுபவமுள்ளவர் பக்குவம் சொல்வார். அங்கிருந்து வரும் கரியை எரித்தால் கரிவளி வரும், உண்மை. ஆனால் அது அந்த மரம் கடந்த 30 ஆண்டுகளில் காற்றிலிருந்து எடுத்தது. அடுத்த 30 ஆண்டில் வளரும் மரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

மேடையில் ஊதிய தம்பியின் மூச்சும் இப்படித்தான். நேற்றுச் சாப்பிட்ட சோற்றின் கரிமம் அது. அந்த நெல் சில மாதத்துக்கு முன்னால் வயலில் நின்று காற்றிலிருந்து அதை எடுத்தது. மூச்சு விடுவதால் உலகம் சூடேறாது. யாரும் அஞ்ச வேண்டாம்.

நம் வீட்டுப் பெண்கள் கூட்டு கட்டுவார்கள். இருபது பேர், ஆளுக்கு மாதம் 100 ரிங்கிட். மாதா மாதம் ஒருவர் 2,000 ரிங்கிட் எடுப்பார். பணம் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் மொத்தப் பணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. காடு, வயல், ரப்பர், மூச்சு, பக்காவ் கரி எல்லாம் இந்தக் கூட்டு வட்டம். நிலக்கரி அப்படியல்ல. யாரோ மண்ணைத் தோண்டி, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த பெட்டியைத் திறந்து, புதுப் பணத்தை வட்டத்துக்குள் கொட்டுவது அது. கொட்டியது மறுபடி பெட்டிக்குள் போகாது. வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

காற்றில் கூடியிருப்பது கூட்டுப் பணமா புதையலா என்று எப்படித் தெரியும்? எரிமலையிலிருந்து வந்திருக்கக் கூடாதா, இயற்கைச் சுழற்சியாக இருக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. உயிருள்ள எதிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமம் சிறிதளவு உண்டு. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில் கண்டெடுத்த பேராக் மனிதன் 10,000 ஆண்டுக்கு முந்தியவன் என்று சொல்வதற்குக் கைகொடுத்தது இந்தக் கடிகாரம்தான். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டு பழையவை. அவற்றில் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. கோல செபெத்தாங் கரியின் புகையில் அது இருக்கும், மஞ்சோங் நிலக்கரியின் புகையில் இருக்காது. 1950களிலேயே ஹான்ஸ் சூஸ் என்ற அறிஞர் மர வளையங்களை ஆராய்ந்து, காற்றிலுள்ள கார்பன்-14 நீர்த்துப் போவதைக் கண்டார். பழைய கரி காற்றில் கலக்கிறது என்பதற்கு அது கையெழுத்து. எரிமலைகளைப் பற்றிக் கேட்டால், அவை ஆண்டுதோறும் விடும் கரிவளி மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒரு மணி நேரக் கணக்கு

லூமுட்டுக்குப் போகும் வழியில், கடலோரத்தில் உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அது மஞ்சோங்கின் சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம். 2000களின் தொடக்கத்தில் 700 மெகாவாட் அலகுகள் மூன்றோடு தொடங்கியது. 2015இலும் 2017இலும் ஏறத்தாழ 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டு சேர்ந்தன. கப்பலில் வரும் நிலக்கரி அங்கே எரிகிறது. இந்த அரங்கின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த மின்சாரத்தைப் பயன்படுத்துபவர்கள் நாம்தான்.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ 0.9 கிலோ கரிவளி வெளியாகும். 1,000 மெகாவாட் அலகு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 900 டன். அவ்வளவு கரிவளியைப் பாலாக மாற்ற எத்தனை ரப்பர் வேண்டும்? ஏறத்தாழ 280 டன் காய்ந்த ரப்பர். ஓர் ஏக்கர் தோட்டம் ஆண்டுக்கு 600 கிலோ தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 460 ஏக்கருக்கும் மேற்பட்ட தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளர்கள் ஓர் ஆண்டு முழுவதும் இறக்கிய கரிமத்தை, ஓர் அலகு ஒரே மணி நேரத்தில் மேலே ஏற்றிவிடுகிறது.

மரம் பால் மட்டும் தரவில்லையே, தண்டும் வேரும் வளர்கிறதே என்று கேட்பீர்கள். சரி, மூன்று மடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு மணிக்கு 150 ஏக்கருக்கு மேல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடினால் 13 லட்சம் ஏக்கருக்கு மேல். இதற்கு மேல் இன்னொன்று. 25, 30 ஆண்டானதும் கிழ மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வோம். அந்தப் பலகை மேசை நாற்காலியாக இருக்கும் வரைதான் கரிமம் அதில் தங்கும். பின்பு அது எரியும் அல்லது மக்கும். நிலக்கரியிலிருந்து ஏறிய கரிவளியில் கணிசமான பங்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் காற்றில் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: மரம் நட்டே இந்தக் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரம் நடுவது நல்லது, அவசியமானது. ஆனால் முப்பது வயதுக் கரியைக் கொண்டு கோடிக்கணக்கான வயதுக் கரியை ஈடுகட்ட முடியாது. பழைய கரியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பதுதான் உண்மையான தீர்வு.

வெயில் யார் தலையில் விழுகிறது

உலக வானிலை நிறுவனத்தின் கணிப்புப்படி, அளவுக் குறிப்புகள் உள்ள ஆண்டுகளிலேயே மிகச் சூடானது 2024. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட அந்த ஆண்டு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கூடுதல். ஒன்றரைப் பாகை என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அதன் சுமை எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை.

செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர் உச்சி வெயிலில் நிற்கிறார். நீண்ட கோலைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து பார்த்து, இழுத்து வெட்டுகிறார். ரப்பரைப் போல விடியுமுன் முடித்துவிடும் வேலை அல்ல அது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கிலும் சிலிபினிலும் குடியேறிய குடும்பங்களில், தகரக் கூரைக்குக் கீழோ அடுக்குமாடியின் மேல் தளத்திலோ இரவு தூங்கும் முதியவரைக் கேளுங்கள். பகல் வெயிலைவிட அவரை வாட்டுவது குளிராத இரவு. கரிவளி பிடித்து வைக்கும் சூடு இரவில்தான் நன்றாகத் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டால் மலேசிய வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்டு வீட்டுக்குள் இருக்க முடிகிறவர் இருந்துகொள்வார். நாட்கூலிக்காரர் என்ன செய்வார்?

ரப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து புதுத் தளிர் வரும். அந்த நேரத்தில் மழை தவறிப் பெய்தால் பூஞ்சை பிடித்துத் தளிர் கொட்டும். விடியற்காலை மழை பெய்தால் பட்டை நனைந்து, அன்றைய வெட்டே போய்விடும். பருவம் தடுமாறினால் முதலில் தடுமாறுவது சிறு தோட்டக்காரரின் வருமானம். வடக்கே கிரியான் நெல்வயல்களுக்குத் தண்ணீர் தரும் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906இல் கட்டப்பட்டது. 2016 எல் நினோ வறட்சியில் அதன் நீர்மட்டம் சரிந்து மீன்கள் செத்து மிதந்தன. எல் நினோ பழங்காலம் முதலே வருவதுதான். ஏற்கெனவே சூடேறிய உலகில் அது வந்து விழுவதுதான் புதியது.

பேராக் செய்ய வேண்டியது

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பெரியதிலிருந்து சொல்கிறேன்.

முதலாவது நிலக்கரி. புதிய நிலக்கரி ஆலை கட்டுவதில்லை என்றும், 2044க்குள் நிலக்கரியை முற்றாக விட்டுவிடுவது என்றும் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வு என்பது நாட்டின் இலக்கு. இந்த வாக்கைத் தேதி தவறாமல் காப்பாற்றும்படி கேட்பது வாக்காளரான நம் உரிமை. நிலக்கரி இல்லாத மின்சாரம் பேராக்குக்குப் புதிதல்ல. கிந்தா ஈய லம்பங்களுக்கு மின்சாரம் தரப் பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930லேயே கட்டப்பட்டது. பின்னால் தெமெங்கோர் அணையும் வந்தது. அது எழுந்தபோது ஓராங் அஸ்லி பழங்குடி மக்களின் நிலம் நீரில் மூழ்கியதை மறக்கக் கூடாது. இனி வரும் மாற்றம் எளியவரின் நிலத்தைப் பறிக்காத மாற்றமாக இருக்க வேண்டும். வீட்டுக் கூரை, பள்ளிக் கூரை, கோயில் மண்டபக் கூரை, இவற்றில் விழும் வெயில் யாருடைய நிலத்தையும் கேட்பதில்லை.

இரண்டாவது கரிச்சேற்று நிலம். தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கம் செம்பனை மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேர் வெளியே தெரிய நிற்பதைப் பார்த்திருக்கலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கடியில் மக்காமல் கிடந்த இலையும் வேரும்தான் அந்த மண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்றுப் புகுந்து அது மக்குகிறது. மண்ணே கரிவளியாகி மேலே போய்விடுவதால் தரை தாழ்கிறது, மரம் சாய்கிறது. நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தாலே இந்த இழப்பு குறையும். புதிதாக அந்த நிலத்தை வடிக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

மூன்றாவது காடு. வடக்கே 117,500 ஹெக்டர் ராயல் பெலும் 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாத்தாங்கில் சேற்றுக்குள் வேர் தேக்கி வைத்திருக்கும் கரிமம் மரத்தில் உள்ளதைவிட அதிகம். நின்ற காட்டைக் காப்பது, வெட்டிய இடத்தில் கன்று நடுவதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

நான்காவது மலை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, 25 கோடி ஆண்டு பூட்டிக் கிடந்த கரிவளி சில நிமிடத்தில் வெளியேறுகிறது. சிமெண்டு ஆலையின் கரிவளியில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லிலிருந்தே வருவது. ஈப்போவைச் சுற்றி சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புச் சூளைகளும் கல்லுடைப்பும் பலருக்குச் சோறு போடுகின்றன. வீடு கட்டாமல் இருக்க முடியாது. ஆனால் இருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்புவதற்கு முன்னால் ஒருமுறை யோசிக்கலாம். சிமெண்டோடு கசடும் சாம்பலும் கலக்கும் முறைகளைப் பரவலாக்கலாம். கந்தான் குன்றில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிலந்தி வாழ்கிறது. 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அங்கீகாரம் பெற்ற கிந்தா பள்ளத்தாக்கில் எந்த மலையைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அவசரமில்லாமல், எல்லோர் கண்முன்னாலும் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது நம் பள்ளிகள். இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு. இதை ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் செய்யலாம். பள்ளிச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, காலை மாலை இருவேளையும் மாணவர்களே எழுதி வைக்கலாம். மழைமானி செய்ய ஒரு போத்தலும் அளவுகோலும் போதும். பத்து ஆண்டு எழுதினால் அது அந்த ஊரின் வரலாறு. வெயில் கூடிவிட்டது என்று சொல்லும் ஊருக்கும், எவ்வளவு கூடியது என்று எண்ணைக் காட்டும் ஊருக்கும் மாநகர் மன்றத்தில் கிடைக்கும் மரியாதை வேறு.

மலேசியா சிறிய நாடு, நாம் குறைத்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பார்கள். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் புதைபடிவக் கரிவளியை விடுகிறது. அதில் பெரும்பங்கு பெரிய நாடுகளுடையது, உண்மை. அவர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. தன் வீட்டுக் கணக்கைச் சரியாக வைத்திருப்பவனின் கேள்விக்கே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மற்றவருக்கு வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நம்மைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. எதிர்காலத்து மின்சாரமும் நிலமும் காடும் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு இப்போது எடுக்கப்படுகிறது. இந்த முறை நாம் எண்களோடும் அறிவோடும் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

மாணவச் செல்வங்களே, அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். வேதியியலைப் படியுங்கள், மண்ணைப் படியுங்கள், சட்டத்தையும் படியுங்கள். எந்தத் திட்டத்தை யார் கொண்டுவந்தாலும், இது எத்தனை வயதுக் கரி என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தரும் திட்டத்துக்குத் துணை நில்லுங்கள், தராததை எதிர்த்துப் பேசுங்கள்.